கணினியின் எளிய இசைப்பான்கள்: ஒரு வரலாற்று நோக்கு

இசையைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் எடிசனின் உருளையில் தொடங்கி, இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தட்டு என்று வரிசைப்படுத்திச் சென்று, கணினியை எட்டியதும் ஓரிரு வரிகளில் முடித்துவிடுவது வழக்கம். கண்ணால் காணவும் கையால் தொடவும் இயன்ற பெட்டிகளுக்கே வரலாறு உண்டு என்னும் எண்ணம் ஆழ வேரூன்றிவிட்டது போலும். ஆனால் கணினித் திரையின் ஒரு மூலையில் உள்ளங்கையளவு இடத்தில் அமர்ந்துகொண்டு, பிற வேலைகளுக்கு இடையூறின்றிப் பாடிக்கொண்டிருந்த சிறு மென்பொருள்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது நாற்பது ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். ஆயினும், சேர்த்து வைத்த இசை கேட்பவரின் பொறுப்பில் இருப்பதா, விற்பவரின் பொறுப்பில் இருப்பதா என்னும் வழக்கு அதன் தொடக்கம் முதல் இன்றுவரை தீராமல் நடந்துகொண்டிருக்கிறது.

‘மியூசிக் பிளேயர்’ என்று பலரும் வழங்கும் இம்மென்பொருளை இக்கட்டுரை இசைப்பான் என்று குறிக்கும். எளிய இசைப்பான் என்பது யாது? கணினியின் நினைவகத்தில் சிறிதளவே இடங்கொள்ள வேண்டும். தட்டியவுடன் திறக்க வேண்டும். பாடல் கோப்பை அது கிடக்கும் இடத்திலிருந்தே எடுத்து ஒலிக்க வேண்டும். கேட்பவர் கேளாத எதனையும் தானாகச் செய்யாதிருக்க வேண்டும். இவ்விலக்கணத்தின் கடைசி உறுப்பே மிகவும் அரிதாகக் கிட்டுவது.

ஒலியின் பாரம்

1982 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில் ஒலி எண்களாகப் பதியப்படுகிறது. ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியலை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட் கொண்ட எண்ணாக எழுதப்படுகிறது. இடச்செவிக்கு ஒன்று, வலச்செவிக்கு ஒன்று என இரு தடங்கள். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 1,411,200 பிட். நிமிடத்திற்கு ஏறத்தாழ 10.6 மெகாபைட். ஐந்து நிமிடக் கீர்த்தனை ஒன்றிற்கு ஐம்பது மெகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். (கணக்குப் பாட வேளையில் மாணவர்களையே இதனைப் பெருக்கிப் பார்க்கச் செய்யலாம்.) 1990களின் தொடக்கத்தில் வீட்டுக் கணினிகள் பலவற்றின் வன்தட்டு மொத்தமே நூறு, இருநூறு மெகாபைட் அளவினதாய் இருந்தது. மூன்று நான்கு பாடல்களை வைத்தால் வேறெதற்கும் இடமிராது. தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 28,800 பிட் வேகத்தில் அப்பாடலை இறக்க முயன்றால் நான்கு மணி நேரம் ஆகும்.

இப்பாரத்தைக் குறைக்க முதலில் கையாளப்பட்ட வழி தமிழிசை பயின்றோர்க்குப் புதிதன்று. பாட்டின் ஒலியை அனுப்பாமல் அதன் சுரக்குறிப்பை அனுப்புவதே அது. 1987 ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் ஓபார்ஸ்கி, கொமடோர் நிறுவனத்தின் அமிகா கணினிக்காக அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் என்னும் மென்பொருளை எழுதினார். ஒவ்வோர் இசைக்கருவியின் ஒலியிலும் ஒரு சிறு துண்டு, அத்துண்டினை எந்தச் சுரத்தில் எப்பொழுது ஒலிக்க வேண்டும் என்னும் குறிப்பு ஆகிய இரண்டையும் ஒரே கோப்பில் அடக்கும் முறை அதிலிருந்து பரவியது. ‘மாட்’ கோப்பு என்று பெயர்பெற்ற அதில் நான்கு தடங்கள் உண்டு. ஒரு முழுப் பாட்டு நூறு, இருநூறு கிலோபைட்டில் அடங்கிவிடும். அக்கோப்புகளை ஒலிப்பதற்கென எழுதப்பட்ட சிறு மென்பொருள்களே பின்னாளைய எளிய இசைப்பான்களுக்கு முன்னோடிகள். ஆனால் இம்முறைக்கு ஒரு பெருங்குறை இருந்தது. கருவியிசைக்கு அது பொருந்தியது. மனிதக் குரலை, அதிலும் சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லும் கமகத்தை, குறிப்பாக எழுதி அனுப்ப வழியில்லை.

இரண்டாவது வழி ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தது. அங்குப் பேராசிரியராக இருந்த டீட்டர் சைட்சர் தொலைபேசிக் கம்பியில் இசையை அனுப்ப இயலுமா என்று எண்ணமிட்டவர். அவருடைய மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பூர்க் அவ்வெண்ணத்தை முனைவர் பட்ட ஆய்வாக மேற்கொண்டார். பிரவுன்ஹோஃபர் ஆய்வு நிலையத்தின் துணையோடு வளர்ந்த அம்முயற்சி, 1992 ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பட்ட எம்பெக்-1 தர அளவையில் மூன்றாம் அடுக்காக இடம்பெற்றது. நாதசுரமும் தவிலும் முழங்கும் இடத்தில் அருகிருப்பவரின் வளையோசை காதில் விழுவதில்லை. ஓர் ஒலி மற்றோர் ஒலியை மறைக்கும் இவ்வியல்பை அளந்தறிந்து, காது கேளாத பகுதிக்கு இடம் ஒதுக்காமல் விடுவதே அம்முறையின் சாரம். நொடிக்கு 128,000 பிட் என்னும் அளவில் ஒரு நிமிட இசை ஏறத்தாழ ஒரு மெகாபைட்டில் அடங்கியது. நான்கு மணி நேரம் எடுத்த பாடல் இருபத்திரண்டு நிமிடங்களில் வந்து சேர்ந்தது. அக்கோப்புகளுக்கு எம்.பி.3 என்னும் பின்னொட்டு 1995 ஆம் ஆண்டு ஜூலை 14 இல் முடிவு செய்யப்பட்டது.

இடம் குறைந்தது; உழைப்புக் கூடியது. சுருக்கி வைத்ததை நொடிதோறும் விரித்துக் கொடுக்கக் கணினியின் நுண்செயலி ஓயாது கணக்கிட வேண்டியிருந்தது. 486 வகைக் கணினிகள் பெரும்பாலும் இதற்கு ஈடுகொடுக்க இயலாமல் திணறின. ஒலி விட்டுவிட்டு வந்தது. 1995 செப்டம்பரில் பிரவுன்ஹோஃபர் நிலையம் விண்டோஸ் கணினிகளுக்கென வெளியிட்ட வின்பிளே3 என்னும் இசைப்பான் பென்டியம் கணினி வைத்திருந்தோர்க்கே முழுமையாகப் பயன்பட்டது. இசைப்பான் எளிமையாக இருக்க வேண்டும் என்பது அந்நாளில் ஒரு கொள்கையன்று, கட்டாயம். நுண்செயலியின் ஆற்றலில் பெரும்பங்கை விரித்தல் தொழிலே விழுங்கிவிட்டதால், அலங்காரத்திற்கு மீதமில்லை.

வின்ஆம்ப்

குரோவேசியாவைச் சேர்ந்த டோமிஸ்லாவ் உசெலாக் என்பார் எம்.பி.3 கோப்புகளை விரித்து ஒலிக்கும் திறமான நிரல் ஒன்றை எழுதினார். ஆம்ப் என்பது அதன் பெயர். 1997 ஆம் ஆண்டில் அமெரிக்க மாணவர்களான ஜஸ்டின் ஃபிராங்கெல், டிமித்ரி போல்டிரெவ் ஆகிய இருவரும் அந்நிரலை விண்டோஸ் கணினிக்கு ஏற்ப மாற்றியமைத்தனர். விண்டோஸ், ஆம்ப் ஆகிய இரு பெயர்களும் இணைந்து வின்ஆம்ப் ஆயிற்று. அப்போது ஃபிராங்கெலுக்கு வயது பதினெட்டு. பிறர் எழுதிய நிரலின்மேல் எழுந்த கட்டடம் என்பதால், பின்னர் 1999 இல் அது குறித்து வழக்கும் எழுந்தது. அது சமரசத்தில் முடிந்தது.

வின்ஆம்பின் முதன்மைச் சாளரம் 275 புள்ளி அகலமும் 116 புள்ளி உயரமும் கொண்டது. அக்காலத்துத் திரையிலும் அது ஒரு சிறு மூலைதான். வீட்டு ஒலிப்பெட்டியின் முகப்பை ஒத்த தோற்றம். பத்துப் பிரிவுகள் கொண்ட ஒலி சீர்செய்யும் பலகை. கீழே பாடல் பட்டியல். இவற்றை ஒன்றோடொன்று ஒட்டியும் பிரித்தும் வைக்கலாம். 1998 இல் வந்த இரண்டாம் பதிப்பில் முகப்பின் தோற்றத்தைக் கேட்பவரே படமாக வரைந்து மாற்றிக்கொள்ளும் வசதியும், வேண்டிய உறுப்புகளைப் பின்னர் சேர்த்துக்கொள்ளும் வசதியும் நிலைபெற்றன. இவ்விரண்டாவது ஏற்பாடு மிகவும் நோக்கத்தக்கது. எல்லார்க்கும் எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பாமல், வேண்டியவர் வேண்டியதை மட்டும் சேர்த்துக்கொள்க என்று விட்டுவிட்டதால் அம்மென்பொருள் பருக்காமலேயே வளர்ந்தது. பழைய மாட் கோப்புகளையும் அது பாடியது. விலை பத்து டாலர். அதுவும் விரும்பினால் தரலாம் என்னும் முறையில். 2000 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பதிவு செய்துகொண்டோர் மட்டும் 25 மில்லியன் பேர் என்று அறிவிக்கப்பட்டது.

லினக்ஸ் கணினிகளிலும் இதே தோற்றத்தில் எக்ஸ்11ஆம்ப் என்னும் இசைப்பான் 1997 இல் எழுந்து, பின்னர் எக்ஸ்.எம்.எம்.எஸ். என்று பெயர் மாறியது. வின்ஆம்புக்கு வரையப்பட்ட முகப்புகளையே அதுவும் அணிந்துகொண்டது. அதன் வழித்தோன்றலான ஆடேசியஸ் இன்றும் அந்தப் பழைய முகப்பை அணிந்துகொள்ள வல்லது.

1999 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம், ஃபிராங்கெலின் நள்சாஃப்டையும் ஸ்பின்னர் என்னும் இணைய வானொலி நிறுவனத்தையும் சேர்த்து ஏறத்தாழ 400 மில்லியன் டாலர் மதிப்புள்ள பங்குகள் கொடுத்து வாங்கியது. இருபது வயது இளைஞர் ஒருவரின் அறையில் பிறந்த சிறு மென்பொருளுக்கு இது பெருஞ்சிறப்பு என்றே அன்று பலரும் கருதினர். விளைவு வேறாக இருந்தது. 2000 மார்ச்சில் நள்சாஃப்ட் குழுவினர், கோப்புகளை ஒருவர்க்கொருவர் நேரடியாகப் பகிர்ந்துகொள்ள உதவும் நுட்டெல்லா என்னும் மென்பொருளை வெளியிட்டனர். ஏ.ஓ.எல். அப்போது டைம் வார்னர் நிறுவனத்தோடு இணைவதற்கு ஒப்பியிருந்தது. டைம் வார்னரோ இசைத்தட்டு விற்பனையில் பெரும்புள்ளி. மறுநாளே நுட்டெல்லா அகற்றப்பட்டது. ஆனால் அதற்குள் படியெடுத்தோர் பலர். கேட்பவர் பக்கம் நின்றவரும் விற்பவர் பக்கம் நின்றவரும் ஒரே கூரையின் கீழ்ச் சம்பளம் வாங்கினால் நேர்வது இதுவே.

2002 ஆகஸ்டில் வின்ஆம்ப்3 வந்தது. அடித்தளம் முதல் புதிதாக எழுதப்பட்ட அது எத்தனையோ புதுமைகள் செய்யவல்லது. ஆனால் திறக்கவே நேரமெடுத்தது. பழைய உறுப்புகள் அதில் பொருந்தவில்லை. பலர் புதியதை நீக்கிவிட்டு இரண்டாம் பதிப்புக்கே திரும்பினர். மென்பொருள் வரலாற்றில் இத்தகைய திரும்பல் அரிது. 2003 டிசம்பரில் இரண்டின் விரைவையும் மூன்றின் வசதியையும் இணைத்து, இரண்டும் மூன்றும் ஐந்து என்னும் கணக்கில், நான்கைத் தாண்டி ஐந்தாம் பதிப்பு என்று வெளியிட்டனர். 2004 ஜனவரியில் ஃபிராங்கெல் அந்நிறுவனத்தை விட்டு விலகினார். பின்னர் அவர் உருவாக்கிய ரீப்பர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருளும் தன் இனத்தில் மிகச் சிறியது என்று பெயர்பெற்றது.

பருத்த இசைப்பான்கள்

இதே ஆண்டுகளில் ஆப்பிள் நிறுவனம் வேறொரு பாதையை வகுத்தது. சவுண்ட்ஜாம் என்னும் இசைப்பானை 2000 இல் வாங்கி, அதனை மாற்றியமைத்து 2001 ஜனவரி 9 இல் ஐடியூன்ஸ் என்று வெளியிட்டது. தொடக்கத்தில் அது சுருங்கச் செய்து விளங்க வைத்த மென்பொருள்தான். 2003 ஏப்ரலில் பாட்டுக்கடை அதனுள் புகுந்தது. அவ்வாண்டு அக்டோபரில் விண்டோஸ் பதிப்பு வந்தது. பின்னர் திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், கைப்பேசி இணைப்பு, கைப்பேசி மென்பொருள் கடை என்று ஒவ்வொன்றாக ஏறின. விண்டோஸ் கணினிக்கான அதன் நிறுவற்கோப்பு பிற்காலத்தில் இருநூறு மெகாபைட்டைக் கடந்தது. வின்ஆம்ப் 2 இன் நிறுவற்கோப்போ ஓரிரு மெகாபைட்தான். 2019 இல் ஆப்பிள் நிறுவனமே தன் கணினிகளில் ஐடியூன்ஸைக் கைவிட்டு, இசைக்கு ஒன்றும் படக்காட்சிக்கு ஒன்றும் பேச்சொலிக்கு ஒன்றும் எனத் தனித்தனியே பிரித்துவிட்டது.

இவ்வளவு பருமனும் இசைக்காக ஏற்பட்டதன்று. எம்.பி.3 கோப்பை விரிக்கும் நிரல் 1997 இல் எவ்வளவு சிறியதோ ஏறத்தாழ அவ்வளவே இன்றும். கூடியதெல்லாம் கடையும் கணக்கேடும். ஆயினும் ஐடியூன்ஸ் செய்த நன்மையையும் மறைத்தல் ஆகாது. ஆயிரக்கணக்கான பாடல்களைப் பாடகர், தொகுப்பு, ஆண்டு என்னும் வரிசையில் தேடித் தரும் நூலக முறையைப் பொதுமக்களுக்குப் பழக்கியது அதுவே. வின்ஆம்பின் பட்டியல் ஒரு நேரத்துக் கச்சேரிக்குப் போதும், நூலகத்திற்குப் போதாது.

ஃபூபார்2000

நூலகமும் வேண்டும், பருமனும் கூடாது என்போர்க்கு விடையாக 2002 டிசம்பரில் ஃபூபார்2000 வெளிவந்தது. போலந்து நாட்டவரான பீட்டர் பாவ்லோவ்ஸ்கி இதன் ஆசிரியர். முன்னர் நள்சாஃப்டுக்காக ஒப்பந்த முறையில் பணிசெய்தவர். நிரலாளர்கள் ஒரு பொருளுக்குப் பெயரிட நேரமில்லாதபோது இட்டு வைக்கும் வெற்றுச்சொல் ‘ஃபூபார்’. பெயரைப் போலவே தோற்றமும்: வெள்ளைச் சாளரம், சாம்பல்நிறப் பொத்தான்கள், ஒரு பட்டியல். அலுவலகக் கணக்கேட்டைப் பார்ப்பது போலிருக்கும். வின்ஆம்பின் வண்ண முகப்புகளைக் கண்டு பழகியவர் முதற்பார்வையில் முகஞ்சுளித்ததில் வியப்பில்லை.

ஆனால் அதனைச் சில நாள் வைத்துச் சோதித்தவர் அறியும் சிறப்புகள் பல. சில மெகாபைட் அளவிலான நிறுவற்கோப்பு. பாடல்கள் எந்தக் கோப்புறையில் இருக்கின்றனவோ அங்கேயே இருக்கும். மென்பொருள் அவற்றைக் கணக்கெடுக்கும், இடம் மாற்றாது. பட்டியலில் எந்த விவரம் எந்த வரிசையில் தோன்ற வேண்டும் என்பதைக் கேட்பவரே ஒரு சிறு வாய்பாடாக எழுதிக் கொடுக்கலாம்.

இடைவெளியின்றிப் பாடுதல் அவற்றுள் ஒன்று. எம்.பி.3 முறையில் ஒலி 1,152 அளவைகள் கொண்ட சட்டங்களாக வெட்டப்படுகிறது. ஒரு சட்டம் ஏறத்தாழ 26 மில்லிநொடி. பாடலின் நீளம் சட்டங்களுக்குள் சரியாக அடங்குவதில்லை. எனவே முன்னும் பின்னும் வெறுமையான மௌனம் நிரப்பப்படுகிறது. தனித்தனித் திரைப்பாடல்களுக்கு அது உறுத்தாது. ஆனால் இராகம், தானம், பல்லவி என்று மூன்றாக வெட்டிப் பதிந்த ஒரு கச்சேரியைக் கேட்பவர்க்கு, ஆலாபனை தானத்தோடு கலக்கும் இடத்தில் ஒரு சிறு விக்கல் கேட்கும். எவ்வளவு மௌனம் நிரப்பினோம் என்பதைக் கோப்பிலேயே குறித்து வைக்கும் வழக்கத்தை லேம் என்னும் சுருக்கு மென்பொருள் கொண்டுவந்தது. அக்குறிப்பைப் படித்து மௌனத்தை நீக்கிப் பாடுவது ஃபூபார்2000 தொடக்கக் காலத்திலேயே பெற்ற திறன். ஐடியூன்ஸ் அத்திறனை 2006 செப்டம்பரில்தான் பெற்றது.

மற்றொன்று, கேட்பவரின் காதையே சோதிக்கும் ஏற்பாடு. ஒரே பாடலின் இரு வடிவங்களை, குறுந்தட்டிலிருந்து நேரே எடுத்ததையும் சுருக்கியதையும், ‘அ’ என்றும் ‘ஆ’ என்றும் வைத்து, அவற்றுள் ஏதோ ஒன்றைப் பெயர் சொல்லாமல் ஒலித்துக் காட்டி, எது என்று கேட்கும் துணை உறுப்பு அதில் உண்டு. பதினாறு முறை கேட்டுப் பன்னிரண்டு முறை சரியாகச் சொன்னால், அது குருட்டாம்போக்கில் நேர்வதற்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. விலையுயர்ந்த ஒலிபெருக்கி வைத்திருந்தோர் பலர் இச்சோதனையில் எட்டு, ஒன்பதோடு நின்றனர். எந்தக் கடையும் தன் வாடிக்கையாளரிடம் இத்தகைய சோதனையைக் கொடுக்கத் துணியாது. விற்பதற்கு ஏதுமில்லாத மென்பொருளாதலின் இது துணிந்தது.

பாடலின் பெயரைத் தமிழில் எழுதுதல்

இனி, தமிழாசிரியர்கள் ஊன்றி நோக்க வேண்டிய பகுதி ஒன்றுண்டு. எம்.பி.3 கோப்பின் மூல வடிவில் பாடலின் பெயருக்கு இடமே இல்லை. 1996 இல் எரிக் கெம்ப் என்பவர் கோப்பின் இறுதியில் 128 பைட் ஒட்டி அதில் விவரம் எழுதும் முறையைக் கொண்டுவந்தார். ஐ.டி.3 என்று அதற்குப் பெயர். ‘டேக்’ என்னும் அடையாளச் சொல்லுக்கு 3 பைட், பாடல் பெயருக்கு 30, பாடகர் பெயருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசைவகைக்கு 1. ஆக 128. இலத்தீன் எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் ஆதலின் ஆங்கிலப் பாடல்களுக்கு இது ஒருவாறு போதுமானது.

இசைவகைக்கு ஒதுக்கிய அந்த ஒரு பைட்டில் எழுதவேண்டியது ஓர் எண். 0 முதல் 79 வரை எண்பது வகைகள் வகுக்கப்பட்டன. போல்கா என்னும் ஐரோப்பிய நடன இசைக்கு 75 என்னும் எண் உண்டு. கருநாடக இசைக்கும் இந்துஸ்தானி இசைக்கும் எண் இல்லை. 48 ஆம் எண்ணில் ‘இனம் சார்ந்தது’ என்று ஒரு பொதுப்பெட்டி இருந்தது. உலகின் பிற இசைகளெல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் போலும். பின்னர் வின்ஆம்ப் அவ்வரிசையை நீட்டியபோதும் ஜப்பானிய இசைக்கு இடம் கிடைத்ததே அன்றி, தேவாரப் பண்ணுக்குக் கிடைக்கவில்லை.

தமிழ் எழுத்தின் நிலை இன்னும் இடர்ப்பாடானது. வின்ஆம்ப் தோன்றிய அதே 1997 ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ்நெட் 97 மாநாட்டை நடத்தினார். கணினித் தமிழ் அப்போது பல்வேறு எழுத்துருக் குறியீடுகளில் சிதறிக் கிடந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களில் தமிழைத் தட்டச்சிட இயன்றது. ஆனால் ஒருவர் தட்டியதை மற்றவர் படிக்க அதே எழுத்துரு வேண்டும். வின்ஆம்பின் முதன்மைச் சாளரத்தில் ஓடும் பெயர்வரியோ, ஒரு படத்திலிருந்து வெட்டியெடுத்த இலத்தீன் எழுத்துகளால் ஆனது. அதில் தமிழைக் காட்ட வழியே இல்லை. எனவே இசை சேர்த்த தமிழர் ஆங்கில எழுத்தில் பெயரிட்டனர். ‘ழ’கரத்தை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றொருவர் வேறுவிதமாகவும் எழுத, ஒரே பாடல் பட்டியலில் மூன்றிடங்களில் நின்றது.

தமிழ் 1991 இலேயே யூனிகோடில் இடம்பெற்றிருந்தும், விண்டோஸ் 2000 வந்த பின்னரே வீட்டுக் கணினியில் அதனைக் காண இயன்றது. யூனிகோடின் யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட் வேண்டும். அப்படியாயின் 30 பைட்டில் பத்துக் குறியீடுகளே அடங்கும். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனியே எண்ணப்படும். ‘திருவாசகம்’ என்னும் பெயர் எண்ணிப் பார்த்தால் மிகச் சரியாகப் பத்து, தப்பிப் பிழைத்தது. ‘திருப்புகழ்’ பதினொன்று. அதனை அச்சிறு பெட்டியில் திணித்தால் இறுதிப் புள்ளி வெட்டுண்டு ‘திருப்புகழ’ என்று நிற்கும். புள்ளி பெறுவது மெய் என்னும் இலக்கணத்தை வகுப்பறையில் கற்பிப்போர்க்கு, இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதிற் கிடையாது.

1998 முதல் வந்த ஐ.டி.3 இன் இரண்டாம் வடிவம் இந்த நெருக்கடியை நீக்கியது. விவரம் கோப்பின் முற்பகுதிக்கு மாறியது. நீளத்திற்கு அத்தகைய எல்லை இல்லை. யூனிகோடு எழுத்துக்கும் இடமுண்டு. இசைவகையை எண்ணால் அன்றிச் சொல்லாலேயே எழுதலாம். ஆயினும் இசைப்பான் அதனைப் படித்துக் காட்ட வல்லதாய் இருக்க வேண்டுமே. ஃபூபார்2000 தொடக்கம் முதலே யூனிகோடை அடிப்படையாகக் கொண்டிருந்தமையால், விண்டோஸ் 2000, எக்ஸ்பி கணினிகளில் தமிழ்ப் பெயர்கள் தமிழாகவே பட்டியலில் நின்றன. சாம்பல்நிற முகப்பைக் கண்டு முகஞ்சுளித்தோர் இதனைக் கண்டபின் மனம் மாறியிருப்பர்.

எஞ்சி நிற்பவை

எம்.பி.3 முறைக்கு உரிமக் கட்டணம் கேட்கப்பட்டதால், 2002 இல் ரெட்ஹேட் லினக்ஸ் தன் எட்டாம் பதிப்பிலிருந்து அதனை நீக்க நேர்ந்தது. கட்டணமற்ற மாற்றாக ஆக் வோர்பிஸ் அதே ஆண்டு முழுவடிவம் பெற்றது. 2017 ஏப்ரலில் எம்.பி.3 உரிமத் திட்டமே முடிவுக்கு வந்தது. இன்று எவரும் கட்டணமின்றி அதற்கு இசைப்பான் எழுதலாம்.

அதற்குள் கேட்கும் முறையே மாறிவிட்டது. 2008 இல் தொடங்கிய ஸ்பாட்டிஃபை 2013 ஏப்ரலில் மலேசியாவிற்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. இந்தியாவிற்கு 2019 இல் சென்றது. மாதக் கட்டணம் செலுத்தினால் கோடிக்கணக்கான பாடல்கள். ஆனால் ஒன்றும் கேட்பவர் கையில் இல்லை. உரிமை ஒப்பந்தம் முடிந்தால் நேற்றுக் கேட்ட பாட்டு இன்று பட்டியலில் சாம்பல்நிறமாகிவிடும். அதன் கணினி வடிவம் இணைய உலாவி ஒன்றையே தன்னுள் சுமந்துகொண்டு இயங்குவது. நாள்தோறும் புதிய இசை நாடும் மாணவர்க்கு அது மலிவும் வசதியும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அரிதின் முயன்று சேர்த்த பழைய பதிவுகளை, எங்கும் விற்பனைக்கு வராத கோயிற்கச்சேரிப் பதிவுகளை, வீட்டுப் பெரியவர் பாடிய தாலாட்டை அது அறியாது. அவற்றுக்குக் கோப்பும் வேண்டும். கோப்பைத் திறக்கும் எளிய இசைப்பானும் வேண்டும்.

2013 நவம்பரில் ஏ.ஓ.எல்., வின்ஆம்பை டிசம்பர் 20 அன்று மூடப்போவதாக அறிவித்தது. 2014 ஜனவரியில் பெல்ஜியத்தின் ரேடியோனமி நிறுவனம் அதனை வாங்கியது. 2024 செப்டம்பரில் அதன் மூலநிரல் பொதுப்பார்வைக்கு வைக்கப்பட்டது. ஆனால் திருத்திய வடிவத்தைப் பிறர்க்குத் தரலாகாது என்னும் கட்டுப்பாட்டோடு. எதிர்ப்பு எழுந்தது, அடுத்த மாதமே அது அகற்றப்பட்டது. நுட்டெல்லாவைப் போலவே, இதற்குள்ளும் படியெடுத்தோர் பலர்.

ஃபூபார்2000 இன் இரண்டாம் பதிப்பு 2023 இல் வெளிவந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் அதே பெயர், அதே ஆசிரியர். அதன் மூலநிரலும் திறந்தது அன்று என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். துணை உறுப்புகளை எழுதுவதற்கான பகுதி மட்டுமே திறந்தது. பாவ்லோவ்ஸ்கி ஒருநாள் நிறுத்திவிட்டால் அதன் நிலை என்னாகும் என்று கேட்போர் உளர். முறையான கேள்விதான்.

அந்நாளிலும் அழியாமல் நிற்கத்தக்கது மிகச் சிறிய ஒன்று. 1995 இன் வின்பிளே3, பாடல் பட்டியலைச் சேமிக்க எம்3யு என்னும் கோப்பு வகையைக் கொண்டுவந்தது. அது வெறும் எழுத்துக்கோப்பு. ஒரு வரிக்கு ஒரு பாடலின் இருப்பிடம், அவ்வளவே. வின்ஆம்ப் அதனை ஏற்றது, எக்ஸ்.எம்.எம்.எஸ். ஏற்றது, ஃபூபார்2000 ஏற்றது. 1998 இல் வின்ஆம்ப் 2 எழுதிய பட்டியலை இன்றைய ஃபூபார்2000 இல் இட்டால், பாடல்கள் பழைய இடத்திலேயே இருக்குமாயின், அது உடனே பாடத் தொடங்கும். இசைப்பானே இல்லாத கணினியிலும் குறிப்பேட்டு மென்பொருளில் அதனைத் திறந்து படிக்கலாம். யூனிகோடு எழுத்துகள் பொருந்துமாறு பின்னர் அதற்கு எம்3யு8 என்னும் வடிவமும் வந்தது. ‘திருப்புகழ்’ என்று அதில் எழுதினால் புள்ளியோடு நிற்கிறது.